போனை எடுக்காதவரின் ஓட்டு

2024 நவம்பர் 2, சனிக்கிழமை மாலை. அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு இன்னும் மூன்றே நாள். அயோவா மாநிலத்தின் 'டெ மோய்ன் ரெஜிஸ்டர்' நாளிதழ் தன் கடைசிக் கருத்துக்கணிப்பை வெளியிட்டது. கமலா ஹாரிஸ் 47, டொனால்ட் டிரம்ப் 44. அன்று இரவு அமெரிக்க அரசியல் வட்டாரத்தில் வேறு பேச்சே இல்லை. 2016, 2020 இரண்டிலும் டிரம்ப் சிரமமில்லாமல் வென்ற மாநிலம் அது. அங்கேயே ஹாரிஸ் முந்துகிறார் என்றால், பக்கத்து மாநிலமான விஸ்கான்சினில் என்ன நடக்கும், அதற்கப்பால் மிச்சிகனில் என்ன நடக்கும் என்று கணக்குப் போட ஆரம்பித்தார்கள்.

பெயர் தெரியாத நிறுவனம் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். சொன்னவர் ஆன் செல்சர். 2008 தொடக்கத்தில் அயோவா ஜனநாயகக் கட்சியினர் வேட்பாளரைத் தேர்ந்தெடுத்தபோது ஒபாமா தெளிவாக முந்துவார் என்று சொல்லி, அதுபோலவே நடந்ததில் பெயர் வாங்கியவர். 2020-இல் மற்ற கணிப்புகளில் பல போட்டி இழுபறி என்றன. செல்சர் டிரம்ப்புக்கு 7 புள்ளி அதிகம் கொடுத்தார். டிரம்ப் 8 புள்ளியில் வென்றார்.

இந்த முறை செவ்வாய்க்கிழமை இரவு பெட்டிகள் திறக்கப்பட்டபோது அயோவாவில் டிரம்ப் 13 புள்ளி வித்தியாசத்தில் வென்றிருந்தார். கணிப்புக்கும் முடிவுக்கும் இடையே 16 புள்ளி. இரண்டு வாரத்துக்குள் செல்சர் தேர்தல் கணிப்பிலிருந்து விலகுவதாக அறிவித்தார். அது ஓராண்டுக்கு முன்பே எடுத்த முடிவு என்றும் விளக்கினார். டிரம்ப் அதோடு விடவில்லை. டிசம்பரில் அவர் மீதும் நாளிதழ் மீதும் வழக்குப் போட்டார்.

அயோவாவில் அந்தத் தேர்தலில் ஓட்டுப் போட்டவர்கள் 16 லட்சத்துக்கும் மேல். செல்சர் கேட்டது 808 பேரை. 'என்னை யாரும் கேட்கவே இல்லையே, இதெல்லாம் ஒரு கணிப்பா?' என்று நம் டீக்கடைகளில் எழும் கேள்வி அங்கேயும் எழுவதுதான். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் வீட்டில் சொல்வதைத்தான் புள்ளியியலும் கொஞ்சம் கூடுதல் கணக்கோடு சொல்கிறது. எல்லோருக்கும் சமவாய்ப்புக் கொடுத்துக் குலுக்கல் முறையில் 1,000 பேரை எடுத்தால், 100-க்கு 95 முறை விடை கூடக்குறைய 3 புள்ளிக்குள் நிற்கும். பானை சின்னதா, அண்டாவா என்பது பொருட்டே இல்லை. அயோவாவுக்கும் 1,000 பேர் போதும், மொத்த அமெரிக்காவுக்கும் 1,000 பேர் போதும்.

ஆனால் சோற்றுப் பருக்கை 'இப்போது வேலையாக இருக்கிறேன்' என்று போனை வைத்துவிடாது. மனிதர்கள் வைத்துவிடுகிறார்கள். அமெரிக்கக் கணிப்புத் தொழிலின் பெரிய சறுக்கல்களில் பாதி இங்கேதான் நடந்திருக்கிறது. மீதிப் பாதிக்குப் பொறுப்பு கணிப்பாளர்களுடையது அல்ல. அந்த நாடு தன் அதிபரைத் தேர்ந்தெடுக்கும் முறையினுடையது.

ஒரு கோடி அட்டைகள்

1936. பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் இரண்டாம் முறை நிற்கிறார். எதிரே கன்சாஸ் மாநில ஆளுநர் ஆல்ப் லேண்டன். 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற வார இதழ் ஒரு கோடி வாக்கு அட்டைகளை நாடெங்கும் தபாலில் அனுப்பியது. அந்தத் தேர்தலில் ஓட்டுப் போட்டவர்களே சுமார் நாலரைக் கோடிப் பேர்தான் என்பதை நினைத்தால் அந்த முயற்சியின் பிரம்மாண்டம் புரியும். இதழுக்குத் தன்னம்பிக்கை இல்லாமலும் இல்லை. 1920, 1924, 1928, 1932 என நான்கு தேர்தல்களில் வரிசையாகச் சரியாகச் சொல்லியிருந்தது. 23 லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகள் திரும்பி வந்தன. எண்ணினார்கள். லேண்டனுக்கு 57 சதவீதம்.

முடிவு வந்தபோது ரூஸ்வெல்ட் 61 சதவீதம் வாங்கியிருந்தார். அன்றிருந்த 48 மாநிலங்களில் லேண்டனுக்குக் கிடைத்தவை மெய்ன், வெர்மான்ட் என்ற இரண்டு மட்டும். 'லிட்டரரி டைஜஸ்ட்' 1938-இல் நின்றுபோனது.

இந்தக் கதையைப் பாடப்புத்தகங்கள் ஒரே மாதிரி முடிக்கும். டெலிபோன் டைரக்டரியிலிருந்தும் கார் பதிவேட்டிலிருந்தும் முகவரி எடுத்தார்கள், பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் போனும் காரும் வைத்திருந்தவர்கள் வசதியானவர்கள், அவர்கள் ரூஸ்வெல்ட்டுக்கு எதிரிகள், அவ்வளவுதான் என்று. அது பாதி உண்மை. 1937-இல் காலப் நிறுவனம் நடத்திய ஒரு ஆய்வில், 'உங்களுக்கு அந்த அட்டை வந்ததா? திருப்பி அனுப்பினீர்களா?' என்ற கேள்விகளும் இருந்தன. பெவரில் ஸ்குவயர் என்ற அரசியல் அறிஞர் அந்தப் பதில்களை 1988-இல் தோண்டியெடுத்து அலசினார். அட்டை கிடைத்தவர்கள் எல்லோரும் அதைத் திருப்பி அனுப்பியிருந்தால், அந்த ஓட்டைப் பட்டியலை வைத்துக்கொண்டே ரூஸ்வெல்ட் ஜெயிப்பார் என்றாவது இதழால் சொல்லியிருக்க முடியும் என்பது அவர் கண்டது. லேண்டன் ஆதரவாளர்கள் முனைப்பாகத் தபாலில் போட்டார்கள். ரூஸ்வெல்ட் ஆதரவாளர்கள் பலர் அட்டையை வாங்கி வைத்ததோடு சரி.

இந்தக் களேபரத்தில் பெயர் எடுத்தவர் ஜார்ஜ் காலப். அயோவாக்காரர்தான். பிரின்ஸ்டனில் 1935-இல்தான் கடை விரித்திருந்தார். தன் கணிப்பு 'டைஜஸ்ட்'டைவிடத் தவறினால் பணம் வாபஸ் என்று நாளிதழ்களுக்கு உத்தரவாதம் கொடுத்தே வாடிக்கை பிடித்தார். 1936 ஜூலையில், 'டைஜஸ்ட்' அட்டைகளை அனுப்புவதற்கு முன்பே, அது லேண்டனுக்கு 56 சதவீதம் கொடுத்துத் தவறாகச் சொல்லும் என்று எழுதினார். அதே வகைப் பட்டியல்களிலிருந்து 3,000 பேருக்கு அட்டை அனுப்பிப் பார்த்திருந்தார், அவ்வளவுதான் சூட்சுமம். இத்தனைக்கும் ரூஸ்வெல்ட்டின் பங்கைக் காலப்பும் ஐந்து புள்ளிக்கு மேல் குறைத்தே சொல்லியிருந்தார். அதை யாரும் கேட்கவில்லை. ஜெயித்தவர் பெயர் சரியாக இருந்தது, அது போதும். ஜெயித்தவர் பெயரை வைத்தே அளவுகோலைத் தீர்ப்பிடும் இந்தப் பழக்கம் அன்று தொடங்கியது, இன்றுவரை போகவில்லை.

1948-இல் அது காலப்பின் மீதே திரும்பியது. ஹாரி ட்ரூமன், தாமஸ் டூயி மோதிய தேர்தல். காலப், எல்மோ ரோப்பர், ஆர்ச்சிபால்ட் கிராஸ்லி என்ற மூன்று பெரிய கணிப்பாளர்களும் டூயி என்றார்கள். ரோப்பர் செப்டம்பரிலேயே, இனிக் கேட்பது வீண் என்று கணிப்பைச் சுருட்டிக்கொண்டார். காலப் அக்டோபர் நடுவோடு களப்பணியை முடித்துவிட்டு டூயிக்கு 49.5, ட்ரூமனுக்கு 44.5 என்றார். அச்சுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் சீக்கிரமே அச்சேற வேண்டியிருந்த 'சிகாகோ டெய்லி டிரிப்யூன்', டூயி வெற்றி என்று கொட்டை எழுத்தில் தலைப்பிட்டது. செயின்ட் லூயிஸ் ரயில் நிலையத்தில் அந்தப் பத்திரிகையைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கும் ட்ரூமனின் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. ட்ரூமனுக்கு 50 சதவீதத்துக்குக் கிட்டத்தட்ட, டூயிக்கு 45.

சீக்கிரம் நிறுத்தியது ஒரு தவறு. இன்னொன்று ஆள் பிடிக்கும் முறை. ஆண் இத்தனை பேர், பெண் இத்தனை பேர், இந்த வயதில் இத்தனை, இந்த வருமானத்தில் இத்தனை என்று கேட்பவரிடம் ஒதுக்கீடு கொடுத்துவிடுவார்கள். அதற்குள் யாரைப் பிடிப்பது என்பது அவர் இஷ்டம். வேகாத வெயிலில் நாலு மாடி ஏறி இறங்க யாருக்கு ஆசை? ஒதுக்கீட்டுக்குள் அடங்கும் ஆட்களில், நல்ல தெருவில் சிரித்த முகத்தோடு கதவைத் திறப்பவரைத்தான் கை தேடும். அவர்களில் குடியரசுக் கட்சிக்காரர்கள் கொஞ்சம் கூடுதல். அந்தத் தோல்விக்குப் பிறகுதான் ஆளைத் தேர்ந்தெடுக்கும் வேலையைக் கேட்பவரின் கையிலிருந்து பறித்துக் குலுக்கலுக்குக் கொடுத்தார்கள்.

17,000 எண்களுக்கு 1,000 பதில்

வீட்டுக்கு வீடு லேண்ட்லைன் வந்த பிறகு இந்தத் தொழிலுக்குப் பொற்காலம். எண்களைக் குலுக்கிச் சுழற்றினால் போதும், யாராவது எடுப்பார்கள், எடுத்தவர்கள் பேசுவார்கள். அந்தக் காலம் முடிந்த கதையைப் பியூ ஆய்வு மையம் தன் சொந்தக் கணக்கிலேயே வெளியிட்டிருக்கிறது. 1997-இல் அவர்கள் தொலைபேசி ஆய்வுகளில் 100-க்கு 36 பேர் பதில் சொன்னார்கள். 2012-இல் 9. 2018-இல் 6. அதாவது 1,000 பதில் வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 17,000 எண்களைத் துரத்த வேண்டும். தெரியாத எண் ஒளிர்ந்ததும் கை தானாகச் சிவப்புப் பொத்தானுக்குப் போகும் காலத்தில் இதில் வியப்பென்ன?

பதில் சொன்ன 6 பேரும் சொல்லாத 94 பேரும் ஒரே மாதிரி ஓட்டுப் போட்டால் பிரச்சினை இல்லை. வேடிக்கை என்னவென்றால் பல ஆண்டுகள் அப்படித்தான் ஓடியது. 2016-இல் உடைந்தது. பட்டம் படித்தவர்கள் கணிப்பாளர்களிடம் எப்போதுமே கூடுதலாகப் பேசுவார்கள். ஒரு மாநிலத்து வாக்காளர்களில் 40 சதவீதம் பட்டதாரிகள் என்று வைத்துக்கொள்வோம்; போனில் அகப்பட்டவர்களில் 55 சதவீதம் பட்டதாரிகளாக இருப்பார்கள். படித்தவரும் படிக்காதவரும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஓட்டுப் போட்டவரை இந்தக் கோணல் யார் கண்ணிலும் படவில்லை. டிரம்ப் வந்ததும் வெள்ளையரிடையே படிப்பே கட்சிப் பிளவாக மாறியது. மாநிலக் கணிப்புகள் பலவற்றில் படிப்புக்கு ஏற்ற எடைத் திருத்தம் செய்யப்படவில்லை என்று கருத்தாய்வாளர்களின் தேசியச் சங்கம் பின்னர் எழுதிய அறிக்கையில் ஒப்புக்கொண்டது. கடைசி வாரத்தில் மனதை முடிவு செய்தவர்கள் டிரம்ப் பக்கம் சாய்ந்ததும் அதில் இருந்தது.

இதில் ஓர் அநியாயம் உண்டு. 2016-இல் நாடு தழுவிய கணிப்புகள் சராசரியாக ஹிலாரி கிளின்டன் 3 புள்ளி முன்னால் என்றன. மக்கள் ஓட்டில் அவர் முந்தியது 2 புள்ளி. அளவுகோல் என்ற வகையில் அது அபாரமான துல்லியம். ஊர் காறித் துப்பியது. 2020-இல் பைடனின் முன்னிலையைத் தேசியக் கணிப்புகள் ஏறக்குறைய 4 புள்ளி கூட்டிச் சொன்னன. 40 ஆண்டில் இல்லாத பிழை என்று அதே சங்கம் கணக்கிட்டது. பைடன் ஜெயித்துவிட்டார், எனவே பெரிய ரகளை இல்லை.

இத்தனைக்கும் 2020-இல் படிப்புக் கோணலைப் பெரும்பாலும் சரிசெய்திருந்தார்கள். அப்படியும் பிழை ஏறியது ஏன் என்று அறுதியிட்டுச் சொல்ல அந்தச் சங்கத்தாலேயே முடியவில்லை. வலுவான சந்தேகம் ஒன்று உண்டு. ஒரே ஊர், ஒரே வயது, ஒரே படிப்பு உள்ள இரண்டு பேரில் ஊடகங்களையும் அமைப்புகளையும் நம்பாதவர் போனை வைத்துவிடுகிறார், நம்புகிறவர் பேசுகிறார். வைத்தவர் டிரம்ப்புக்குப் போடுகிறார். வயதுக்கும் படிப்புக்கும் எடை போடலாம்; அவநம்பிக்கைக்கு எந்த மக்கள்தொகைக் கணக்கை வைத்து எடை போடுவது?

2024-இல் பல நிறுவனங்கள் ஒரு குறுக்கு வழி பிடித்தன. 'போன தேர்தலில் யாருக்குப் போட்டீர்கள்?' என்று கேட்டு, அந்த விடை பழைய முடிவோடு பொருந்துமாறு எடையை ஏற்றி இறக்கின. செல்சர் அதை ஏற்காதவர். பழைய தேர்தலை அச்சாக வைத்தால் புதிய மாற்றம் எப்படித் தெரியும் என்பது அவர் கட்சி. அதே பிடிவாதம்தான் முன்பு அவரை உயர்த்தியது. அயோவாவில் அவரை வீழ்த்தியதிலும் அதற்குப் பங்கு உண்டு என்று நினைக்க இடமிருக்கிறது. மற்றவர்கள் எப்படித் தப்பித்தார்கள் என்றால், கொஞ்சம்தான் தப்பித்தார்கள். தேசியச் சராசரிகள் ஹாரிஸ் ஒரு புள்ளி முன்னால் என்றன, டிரம்ப் ஒன்றரைப் புள்ளியில் முந்தினார். டிரம்ப் நின்ற மூன்று தேர்தல்களிலும் பிழை ஒரே பக்கம் சாய்ந்திருப்பதைத் தற்செயல் என்று சொல்ல யாருக்கும் துணிச்சல் இல்லை.

பியூ மையம் இப்போது தன் நிரந்தரக் குழுவுக்கு ஆட்களைத் தபால் மூலமாகவே அழைக்கிறது. 1936-இல் தபாலில் கெட்டுப்போன தொழில் மறுபடி தபால் பெட்டியைத் தட்டுகிறது. இந்த முறை கையில் இருப்பது நாட்டின் வீட்டு முகவரிகள் கிட்டத்தட்ட அத்தனையும்.

கூடக்குறைய 3 புள்ளி என்று சின்ன எழுத்தில் அச்சாகும் வரியையும் அப்படியே நம்பக் கூடாது. அது ஒரு வேட்பாளரின் பங்குக்கான பிழை. இருவருக்கும் இடையிலான வித்தியாசத்துக்கு அது ஏறக்குறைய இரட்டிப்பாகும். அதுவும் குலுக்கலின் அதிர்ஷ்டத்தை மட்டும்தான் கணக்கில் கொள்கிறது, போனை வைத்தவர்களை அல்ல. 4,000-க்கும் மேற்பட்ட பழைய கணிப்புகளை முடிவுகளோடு ஒப்பிட்ட ஓர் ஆய்வு, நடைமுறைப் பிழை அச்சிட்டதைப் போல் சுமார் இரு மடங்கு என்று காட்டியது.

43,000 பேர் மனம் மாறியிருந்தால்

மற்ற நாடாக இருந்தால் இவ்வளவு பிழையோடும் குப்பை கொட்டலாம். அமெரிக்காவில் முடியாது. காரணம் 538 என்ற எண். மக்கள் சபை உறுப்பினர் எண்ணிக்கை 435, செனட்டர்கள் 100, தலைநகர் வாஷிங்டனுக்கு 3, கூட்டினால் வருவது அது. ஓட்டுப் போடுகிறவர் உண்மையில் தன் மாநிலத்துத் தேர்வாளர்களைத்தான் தேர்ந்தெடுக்கிறார். ஒரு மாநிலத்தில் ஒரு ஓட்டு அதிகம் வாங்கினாலும் அந்த மாநிலத்துத் தேர்வாளர்கள் மொத்தமும் அவருக்கே. மெய்ன், நெப்ராஸ்கா இரண்டு மட்டும் தொகுதிவாரியாகப் பிரித்துக் கொடுக்கின்றன. 270 கிடைத்தவர் அதிபர்.

வயோமிங்கில் சுமார் 1.9 லட்சம் பேருக்கு ஒரு தேர்வாளர். கலிஃபோர்னியாவில் 7.3 லட்சம் பேருக்கு ஒருவர். நம் குடியரசுத் தலைவர் தேர்தலும் நேரடியானதல்லதான். ஆனால் அங்கே தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஓட்டின் மதிப்பு 176, சிக்கிம் எம்.எல்.ஏ.வுடையது 7. மக்கள்தொகைக்கு ஏற்ற மதிப்பு. அமெரிக்கா சின்ன மாநிலத்துக்குக் கூடுதல் மரியாதை செய்கிறது.

இருந்தாலும் பெரிய கோளாறு வயோமிங் அல்ல. கலிஃபோர்னியாவில் ஹாரிஸ் 1 லட்சம் ஓட்டில் வென்றாலும் 30 லட்சம் ஓட்டில் வென்றாலும் கிடைப்பது அதே 54. எனவே தேர்தல் ஏழெட்டு மாநிலங்களுக்குள் சுருங்கிவிடுகிறது. 2024-இல் பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின், ஜார்ஜியா, வட கரோலினா, அரிசோனா, நெவாடா. ஏழையும் டிரம்ப் அள்ளிக்கொண்டார். தேர்தல் நாளன்று திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரத்தில், ஹாரிஸின் தாய்வழித் தாத்தா ஊரில், தர்ம சாஸ்தா கோயிலில் அவருக்காகப் பூஜை நடந்தது. பென்சில்வேனியா வாக்காளர்களின் பெயர், நட்சத்திரத்துக்கு அர்ச்சனை செய்திருந்தால் இன்னும் பொருத்தமாக இருந்திருக்கும்.

2020-ஐப் பாருங்கள். நாடு முழுக்க பைடன் 70 லட்சம் ஓட்டு கூடுதல். தேர்வாளர் கணக்கில் 306-க்கு 232. பார்த்தால் சுலபமான வெற்றி. ஆனால் அரிசோனாவில் 10,457, ஜார்ஜியாவில் 11,779, விஸ்கான்சினில் 20,682 என்று மூன்று மாநில வித்தியாசத்தையும் கூட்டினால் 43,000-ஐத் தொடவில்லை. அவை எதிர்ப்பக்கம் போயிருந்தால் 269-க்கு 269. சமநிலை என்றால் முடிவு மக்கள் சபைக்குப் போகும், அங்கே மாநிலத்துக்கு ஒரு ஓட்டு. விஸ்கான்சினில் வித்தியாசம் ஒரு சதவீதத்துக்கும் கீழே. 3 புள்ளி பிழை உள்ள கருவியை வைத்து அதை அளப்பது எந்த மேதையாலும் ஆகாத காரியம்.

2000-இல் ஃப்ளோரிடாவில் நடந்தது இன்னும் மோசம். போட்ட சுமார் 60 லட்சம் ஓட்டில் கடைசி வித்தியாசம் 537. வாக்குச்சாவடி வாசலில் கேட்ட கணிப்பை நம்பி அல் கோர் வெற்றி என்று இரவு எட்டு மணிக்குள் தொலைக்காட்சிகள் அறிவித்தன; அந்த மாநிலத்தின் மேற்கு ஓரத்தில் அப்போது இன்னும் ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பத்து மணி வாக்கில் வாபஸ். நள்ளிரவு தாண்டி புஷ் வெற்றி. கோர் புஷ்ஷுக்குப் போன் செய்து வாழ்த்திவிட்டு, தோல்வியை ஒப்புக்கொள்ள நாஷ்வில்லில் காரில் போய்க்கொண்டிருந்தபோது, வித்தியாசம் கரைகிறது என்று தகவல் வந்தது. மறுபடி போன் செய்து வாழ்த்தைத் திரும்பப் பெற்றார். விடியும் முன் புஷ் வெற்றியும் வாபஸ். டிசம்பர் 12-இல் உச்ச நீதிமன்றம் மறு எண்ணிக்கையை நிறுத்தியபோது விவகாரம் முடிந்தது. நாடு முழுக்கக் கோர் 5 லட்சத்துக்கும் அதிகமான ஓட்டில் முந்தியிருந்தார்.

ஓட்டு ஒருவருக்கு, பதவி இன்னொருவருக்கு என்பது 1876, 1888, 2000, 2016 ஆண்டுகளிலும் நடந்தது. முதல் முறை 1824. அமெரிக்கச் செய்தித்தாள் ஒன்று முதல் மாதிரி வாக்கெடுப்பை அச்சிட்டதாகச் சொல்லப்படும் ஆண்டும் அதுவே. டெலவேர் மாநிலத்து வில்மிங்டனில் எடுத்த கணக்கில் ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு 335, ஜான் குவின்சி ஆடம்ஸுக்கு 169. தேர்தலிலும் ஜாக்சன்தான் முதலிடம், மக்கள் ஓட்டிலும் தேர்வாளர் கணக்கிலும். ஆனால் தேர்வாளர்களில் பெரும்பான்மை கிடைக்கவில்லை. மக்கள் சபை ஆடம்ஸை அதிபராக்கியது.

இந்த முறை வேண்டுமா என்றும் அமெரிக்கர்களைக் கருத்துக்கணிப்பாளர்கள் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். அதில் 3 புள்ளி, 4 புள்ளி பிழையெல்லாம் பொருட்டே இல்லை. 2024-இல் பியூ கேட்டபோது 63 சதவீதம் பேர் நாடு முழுக்க அதிக ஓட்டு வாங்கியவரே அதிபராக வேண்டும் என்றார்கள். 1969-இல் மக்கள் சபை இதற்கான அரசியல் சாசனத் திருத்தத்தை 338-க்கு 70 என்று நிறைவேற்றியே விட்டது. அடுத்த ஆண்டு செனட்டில் தென் மாநில, சின்ன மாநில உறுப்பினர்கள் பேசிப் பேசியே இழுத்தடித்தார்கள். விவாதத்தை முடிக்கும் தீர்மானத்துக்கு 54 பேர் ஆதரவு, 36 பேர் எதிர்ப்பு. மூன்றில் இரண்டு பங்கு தேவைப்பட்டதால் அது செத்தது.

திருத்தத்துக்கு 38 மாநிலங்களின் ஒப்புதல் வேண்டும் என்பதால் இப்போது பக்கவாட்டுக் கதவு ஒன்றைத் தள்ளிப் பார்க்கிறார்கள். தங்கள் மாநில முடிவு எதுவானாலும் தேசிய அளவில் முந்தியவருக்கே தேர்வாளர்களைக் கொடுப்போம் என்று மாநிலங்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொள்வது. கூட்டுக் கணக்கு 270-ஐத் தொட்டால் அமலுக்கு வரும். 2024-இல் மெய்ன் சேர்ந்தபோது கணக்கு 209. அதுவரை சேர்ந்தவை அத்தனையும் அந்த ஆண்டு ஹாரிஸுக்கு ஓட்டுப் போட்ட மாநிலங்கள். வேட்பாளர்கள் வாரா வாரம் வந்து வாசலில் நிற்கும் அந்த ஏழில் ஒன்றுகூட அந்தப் பட்டியலில் இல்லை.